சரியும் பேரரசு – 23: மூன்று ஆட்சிகள் விரட்டிய இளவரசர்

சென்ற அத்தியாயத்தை யில்டிஸ் அரண்மனையின் மதில்களுக்குள் நிறுத்தியிருந்தோம். 1876 டிசம்பரில் அரசியல் சட்டம் தந்த சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது, 1878 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தைக் காலவரையறையின்றி மூடினார். அதன்பின் முப்பது ஆண்டுகள் உஸ்மானியப் பேரரசு அவர் ஒருவரின் மேசையிலிருந்து ஆளப்பட்டது. பத்திரிகைகளுக்குத் தணிக்கை, பள்ளிகளில் கண்காணிப்பு, நகரெங்கும் உளவாளிகள். எதிர்த்துப் பேசியவர்களைத் தொலைதூர மாகாணங்களுக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்கு முன்பே சுதாரித்துக்கொண்டவர்கள் ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார்கள்.

அப்படித் தப்பியவர்களில் மருத்துவ மாணவர்களும் ராணுவ அதிகாரிகளும் எழுத்தாளர்களும் உண்டு. 1899 டிசம்பரில் தப்பிய மூவரோ சுல்தானின் சொந்த வீட்டு மனிதர்கள்: அவருடைய தங்கை செனிஹா சுல்தானின் கணவர் தாமாத் மஹ்மூத் ஜெலாலெத்தீன் பாஷா, அவருடைய மகன்கள் சபாஹத்தீன், லுத்ஃபுல்லா. மூத்தவன் சபாஹத்தீனுக்கு அப்போது வயது 20. எந்த ஆட்சியை எதிர்த்து அவன் ஊரைவிட்டுப் போனானோ, அந்த ஆட்சியில் அமர்ந்திருந்தவர் அவனுடைய தாய்மாமன்.

இந்த அத்தியாயம் சபாஹத்தீனைப் பற்றியது. பேரரசின் கடைசி ஐம்பது ஆண்டுகளில் ஆட்சியைப் பிடிக்கத் துடித்தவர்கள் பலர். பிடித்த பிறகு அந்த ஆட்சியை என்ன செய்வது என்று ஆழமாக யோசித்தவர்கள் வெகு சிலர். அந்தச் சிலரில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் இவருடையது.

அரண்மனை மாப்பிள்ளையின் கோபம்

சபாஹத்தீன் 1879இல் இஸ்தான்புல்லில் பிறந்தார். தாய் செனிஹா, சுல்தான் அப்துல் மஜீதின் மகள். தாய்வழியில்தான் அரச ரத்தம் என்பதால் அரியணைக்கு அவருக்கு உரிமை இல்லை. உஸ்மானிய வழக்கப்படி இளவரசியின் மகனுக்கு உரிய 'சுல்தான்ஜாதே' என்ற பட்டம் மட்டுமே உண்டு. ஐரோப்பாவில் 'இளவரசர்' என்றே அறியப்பட்டார். வரலாற்றிலும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

தந்தை மஹ்மூத் பாஷா இளம் வயதிலேயே நீதித்துறை அமைச்சரானவர். பெரிய இடத்து மாப்பிள்ளை. ஆனால் அப்துல் ஹமீதுக்கு முன் அரியணையில் இருந்து இறக்கப்பட்ட ஐந்தாம் முராதும் செனிஹாவின் அண்ணன்தான். முராதை மீண்டும் அமர்த்த நடந்த சதிகளின் நிழல் இந்தக் குடும்பத்தின் மீதும் விழுந்தது. பாஷாவுக்குப் பதவி போயிற்று. அதன்பின் இருபது ஆண்டுகள் பாஸ்பரஸ் கரையில் குருச்செஷ்மே மாளிகையில், கண்காணிப்புக்கு நடுவே, கவிதை எழுதிக்கொண்டும் பிள்ளைகளுக்கு நல்ல ஆசிரியர்களை வைத்துப் படிப்பித்துக்கொண்டும் காலத்தைக் கழித்தார். பிள்ளைகள் பிரெஞ்சு கற்றார்கள். ஐரோப்பிய நூல்களைப் படித்தார்கள்.

பாஷா நாட்டைவிட்டுப் போனதற்கு ஒரே ஒரு காரணம் சொல்ல முடியாது. ரயில்பாதை உரிமத்தை பிரிட்டிஷ் தரப்புக்கு வாங்கித்தர அவர் முயன்று தோற்றதும், சுல்தான் ஜெர்மனியின் பக்கம் சாய்ந்ததும் அவரைக் கசப்படைய வைத்திருந்தன. கொடுங்கோன்மை மீதான வெறுப்பும் உண்மையானது. பாரிஸ் வந்து சேர்ந்ததும் மைத்துனருக்குக் கடுமையான கடிதங்கள் எழுதினார். சுல்தான் முதலில் நயந்து பார்த்தார். திரும்பி வந்தால் எல்லாம் மன்னிக்கப்படும் என்று தூது அனுப்பினார். பலிக்கவில்லை. பிறகு பாஷாவுக்கு அவர் இல்லாமலே மரண தண்டனை விதிக்கப்பட்டது.

தந்தையும் மகன்களும் ஜெனீவா, லண்டன், கெய்ரோ என்று அலைந்தார்கள். போன இடமெல்லாம் உஸ்மானியத் தூதரகம் பின்னாலேயே வந்து, அந்தந்த அரசுகளை நெருக்கியது. கையில் இருந்த பணம் கரைந்தது. 1903 ஜனவரியில் பிரஸ்ஸல்ஸ் நகரில் பாஷா இறந்தார். வயது 50கூட ஆகவில்லை. அதற்குள் மூத்த மகன் தனக்கென்று ஒரு பெயரைச் சம்பாதித்திருந்தார்.

பாரிஸ், 1902 பிப்ரவரி 4

வெளிநாடுகளில் சிதறிக் கிடந்த சுல்தான் எதிர்ப்பாளர்களை ஒரே கூரையின் கீழ் கொண்டுவர வேண்டும் என்று சகோதரர்கள் அழைப்பு விடுத்தார்கள். மாநாடு நடக்கவிடாமல் செய்ய பாரிஸில் இருந்த சுல்தானின் தூதர் முயன்றார். பிரெஞ்சு அறிஞர் அவையின் உறுப்பினரான லெஃபெவ்ர் பொன்தாலிஸ் தன் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டார். பொது மண்டபத்தில் நடத்த முடியாத மாநாடு, தனியார் வீட்டு வரவேற்பறையில் கூடியது.

அந்த அறையில் இருந்தவர்களைப் பார்த்தாலே பேரரசு எவ்வளவு விரிந்தது என்பது விளங்கும். துருக்கியர், அரபியர், அல்பேனியர், குர்து மக்கள், செர்க்காசியர், ஆர்மேனியர், கிரேக்கர், யூதர். எல்லோருக்கும் பொது எதிரி ஒருவர்தான். ஆனால் அவரவர் வீட்டுத் துக்கம் வேறு வேறு. ஆர்மேனியப் பிரதிநிதிகளின் மனத்தில் 1894 முதல் 1896 வரை நடந்த படுகொலைகள் ஆறாத புண்ணாக இருந்தன. மாநாட்டுத் தலைவராக 23 வயதுகூட நிறையாத சபாஹத்தீன் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

சமத்துவம், அரசியல் சட்டம், சுதந்திரம் ஆகியவற்றில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. மாநாடு உடைந்தது வேறொரு கேள்வியில்: ஐரோப்பிய வல்லரசுகளின் உதவியைக் கேட்கலாமா?

1878ஆம் ஆண்டின் பெர்லின் உடன்படிக்கையின் 61ஆம் பிரிவு, ஆர்மேனியர் வாழும் மாகாணங்களில் சீர்திருத்தம் செய்வதாக சுல்தானிடம் வாக்குறுதி வாங்கி, அதைக் கண்காணிக்கும் உரிமையை வல்லரசுகளுக்குத் தந்திருந்தது. அந்தப் பிரிவை நிறைவேற்றியே ஆக வேண்டும் என்றார்கள் ஆர்மேனியர்கள். கையெழுத்திட்ட நாடுகளுக்கு அந்தக் கடமை உண்டு, அதை நினைவூட்டுவதில் தவறில்லை என்றார் சபாஹத்தீன். பெரும்பான்மை அவர் பக்கம் நின்றது.

எதிர்த்து நின்றவர் அகமது ரிஸா. நாற்பதைக் கடந்தவர், பாரிஸில் பல ஆண்டுகளாக 'மெஷ்வெரெத்' இதழை நடத்தி வந்தவர், வளைந்து கொடுக்காதவர். வெளியாரை அழைத்தால் அவர்கள் வந்த வேலையை முடித்துக்கொண்டு திரும்பிப் போக மாட்டார்கள் என்பது அவர் வாதம். அதை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. 1881இல் துனிசியாவைப் பிரான்ஸ் எடுத்துக்கொண்டது. 1882இல் எகிப்துக்குள் நுழைந்த பிரிட்டன், இருபது ஆண்டுகள் ஆகியும் அங்கேதான் இருந்தது. பெர்லின் உடன்படிக்கையில் கையெழுத்திட்ட கைகள்தான் பேரரசின் மாகாணங்களையும் பறித்துக்கொண்டிருந்தன.

இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. பிப்ரவரி 9இல் மாநாடு முடிந்தபோது இளந்துருக்கியர் என்று அழைக்கப்பட்ட இந்தச் சுல்தான் எதிர்ப்பாளர்களின் இயக்கம் இரண்டாகப் பிளந்திருந்தது. அடுத்த பதினாறு ஆண்டுகள் துருக்கிய அரசியலை வழிநடத்திய பகை, அந்த வரவேற்பறையில் தொடங்கியது.

பெரும்பான்மை கிடைத்தும் சபாஹத்தீனால் அதை வைத்து எதையும் கட்ட முடியவில்லை. அல்பேனியத் தலைவர் இஸ்மாயில் கெமாலுடன் சேர்ந்து, திரிப்போலி மாகாண ஆளுநர் ரெஜெப் பாஷாவின் படையைக் கொண்டு ஆட்சியைக் கவிழ்க்கத் திட்டம் போட்டார்கள். கப்பல் கிளம்பும் முன்பே திட்டம் பிசுபிசுத்தது. கையில் காசில்லை, படையில்லை. சபாஹத்தீன் படிப்பின் பக்கம் திரும்பினார். அவர் வாழ்வின் உண்மையான திருப்பம் அதுதான்.

ஒரு புத்தகம் காட்டிய வழி

பிரெஞ்சுச் சிந்தனையாளர் எட்மோன் தெமோலான் 1897இல் வெளியிட்ட ஒரு நூல் அப்போது ஐரோப்பாவெங்கும் பேசப்பட்டது. ஆங்கிலேயர்கள் ஏன் முன்னேறினார்கள், பிரெஞ்சுக்காரர்கள் ஏன் பின்தங்கினார்கள் என்பது அதன் கேள்வி. பிரெஞ்சுப் பள்ளி அரசு வேலைக்கு ஆள் தயாரிக்கிறது. தேர்வு எழுதி, நாற்காலி பிடித்து, ஓய்வூதியம் வாங்குவதே அங்கே வாழ்வின் இலக்கு. ஆங்கிலேயக் கல்வி தன் காலில் நிற்கும் விவசாயியையும் வணிகனையும் தொழில் முனைவோனையும் உருவாக்குகிறது. அரசைச் சார்ந்திருக்கும் சமூகம் தேங்கும். தன்னைச் சார்ந்திருக்கும் மனிதர்களின் சமூகம் வளரும். இதுவே நூலின் சாரம்.

தெமோலானின் குருமரபு ஃபிரெடெரிக் லெ ப்ளே என்பவரிலிருந்து வருகிறது. சுரங்கப் பொறியாளரான லெ ப்ளே, ஐரோப்பாவின் தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவுக் கணக்கை வீடு வீடாகப் பார்த்து எழுதியவர். குடும்பம் எப்படிச் சம்பாதிக்கிறது, நிலம் யார் பெயரில் இருக்கிறது, பிள்ளைகள் எதைக் கற்கிறார்கள் என்று அடியிலிருந்து பார்த்தால்தான் நாட்டைப் புரிந்துகொள்ள முடியும் என்பது அவர் கொள்கை. சபாஹத்தீன் தெமோலானைத் தேடிப் போய்ச் சந்தித்தார். அந்தச் சிந்தனைப் பள்ளியின் மாணவராகவே ஆகிவிட்டார்.

அந்தக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் நாட்டைப் பார்த்தபோது அவருக்குத் தெரிந்தது இதுதான். இஸ்தான்புல்லில் படித்த இளைஞன் ஒவ்வொருவனும் எழுத்தராகவோ அதிகாரியாகவோ ஆசைப்படுகிறான். வணிகமும் தொழிலும் பிறர் கைக்குப் போகின்றன. ஓர் ஊருக்குப் பாலம் வேண்டுமானால் தலைநகரின் உத்தரவு வர வேண்டும். ஆளுநர் ஊர் மக்களுக்குப் பதில் சொல்வதில்லை. அரண்மனைக்குப் பதில் சொல்கிறார். இப்படிப்பட்ட சமூகத்தில் ஒரு சுல்தானை இறக்கினால் இன்னொரு சுல்தான் முளைப்பான். அவன் தலையில் கிரீடம் இல்லாமல் இருக்கலாம், அதிகாரம் அதேதான்.

சுல்தான் எதிர்ப்பாளர்கள் அத்தனை பேரும் நோயின் பெயர் அப்துல் ஹமீது என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. அவர் நோயின் அறிகுறி மட்டுமே என்று சொன்னவர் அவருடைய தங்கை மகன்.

மருந்து இரண்டு என்றார் சபாஹத்தீன். ஒன்று, தனிமனித முயற்சியை வளர்க்கும் கல்வி. இரண்டு, அதிகாரப் பரவல்: மாகாணங்களிலும் ஊர்களிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட சபைகள், வரிப்பணத்தை எப்படிச் செலவழிப்பது என்பதில் உள்ளூர் மக்களுக்கே குரல். 1906இல் அவர் தொடங்கிய அமைப்பின் பெயரே 'தனிமுயற்சி மற்றும் அதிகாரப் பரவல் சங்கம்'. அதன் இதழ் 'தெரக்கி', அதாவது முன்னேற்றம். அதே ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் எர்சுரூம் முதலிய அனத்தோலிய நகரங்களில் மக்கள் புதிய வரிகளை எதிர்த்துக் கிளம்பியபோது, அவருடைய சங்கத்தினருக்கு அங்கே தொடர்புகள் இருந்தன. பாரிஸில் எழுதப்பட்ட கருத்து, அனத்தோலியக் கடைத்தெரு வரை எட்டியிருந்தது.

மூன்று தலைவர்கள்

1907 டிசம்பர் 27 முதல் 29 வரை பாரிஸில் இரண்டாவது மாநாடு கூடியது. ஆர்மேனியப் புரட்சிக் கட்சியான தாஷ்னாக் எடுத்த முயற்சியால், பகைவர்களாகப் பிரிந்தவர்கள் மீண்டும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். தலைமை ஒருவருக்குத் தரப்படவில்லை, மூவருக்குப் பகிரப்பட்டது. அதிகாரப் பரவல் கேட்ட சபாஹத்தீன், வலிமையான மத்திய அரசு கேட்ட அகமது ரிஸா, தாஷ்னாக் கட்சியின் ஹச்சாத்தூர் மாலூமியன். 'அக்னூனி' என்ற பெயரில் எழுதிவந்த மாலூமியனை எல்லோரும் அந்தப் பெயரால்தான் அறிவார்கள்.

சுல்தானை இறக்குவது, அரசியல் சட்டத்தை மீட்பது, தேவையானால் வரி கொடுக்க மறுப்பது, படைக்குள் பிரசாரம் செய்வது என்று தீர்மானங்கள் நிறைவேறின. உஸ்மானிய மண்ணில் துருக்கியரும் ஆர்மேனியரும் தோளோடு தோள் நின்று ஒரு புதிய நாட்டைக் கட்ட முடியும் என்ற நம்பிக்கை அந்த மூன்று நாட்களில் உயிரோடு இருந்தது. இந்த மூவரின் பெயர்களையும் வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு என்ன ஆனார்கள் என்பதில்தான் இந்தப் பேரரசின் முடிவே அடங்கியிருக்கிறது.

ஏழே மாதங்களில் புரட்சி வந்தது. ஆனால் பாரிஸிலிருந்து வரவில்லை. மாசிடோனியாவில் முகாமிட்டிருந்த இளம் ராணுவ அதிகாரிகள் மலையேறிக் கலகக்கொடி உயர்த்தினார்கள். 1908 ஜூலை 24 அன்று சுல்தான் அரசியல் சட்டத்தை மீண்டும் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். வெற்றி பெற்றவர்கள் ஐக்கிய முன்னேற்றக் கமிட்டியினர். அகமது ரிஸாவோடு தொடர்பு வைத்திருந்தவர்கள்.

ஊர் திரும்பியபோது

1908 செப்டம்பர் தொடக்கத்தில் சபாஹத்தீன் இஸ்தான்புல் திரும்பினார். தந்தையின் எலும்புகளையும் ஊருக்குக் கொண்டுவந்து, எய்யூப் பகுதியில் குடும்பக் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். திரும்பிய இளவரசரைத் துறைமுகத்தில் மக்கள் வெள்ளம் வரவேற்றது. இஸ்லாமியரும் கிறிஸ்தவரும் யூதரும் தெருக்களில் கட்டித் தழுவிக்கொண்ட மாதங்கள் அவை.

அந்த மாதமே அவருடைய கருத்தை ஏற்றவர்கள் அஹ்ரார் கட்சியைத் தொடங்கினார்கள். அவர் கட்சித் தலைவராகப் பதவி ஏற்கவில்லை. ஆனால் கட்சியின் மூளை யார் என்பது ஊருக்கே தெரியும். கமிட்டிக்காரர்களின் நாளேடான 'தனின்', ஆசிரியர் ஹுசேயின் ஜாஹித்தின் பேனாவால் அவரைத் தாக்கத் தொடங்கியது. அதிகாரப் பரவல் என்றால் பிரிவினை என்பதே குற்றச்சாட்டு. கிரேக்கரும் ஆர்மேனியரும் அவரை ஆதரிப்பதே அதற்குச் சாட்சி என்றார்கள்.

சபாஹத்தீன் கூட்டம் கூட்டமாகப் போய் விளக்கினார். நான் கேட்பது நாட்டைப் பிரிப்பது அல்ல, நிர்வாகத்தைப் பகிர்வது என்றார். மாகாண நிர்வாகம் அதிகாரங்களை விரிவுபடுத்தும் அடிப்படையில் அமைய வேண்டும் என்று 1876ஆம் ஆண்டின் அரசியல் சட்டத்தின் 108ஆம் பிரிவே சொல்கிறது என்று சுட்டிக்காட்டினார். எந்தச் சட்டத்தை மீட்டதாகக் கமிட்டி பெருமைப்பட்டதோ, அந்தச் சட்டத்தில் உள்ளதைத்தான் அவர் கேட்டார். அச்சம் பிடித்த காதுகளில் அது ஏறவில்லை. ஆஸ்திரியா போஸ்னியாவை இணைத்துக்கொண்டதும், பல்கேரியா சுதந்திரம் அறிவித்ததும் அதே ஆண்டு அக்டோபரில். நாடு கைநழுவுகிறது என்ற பீதியில் இருந்தவர்களிடம் பிடியைத் தளர்த்தச் சொல்வது எவ்வளவு கடினம் என்பதை அவர் குறைவாக எடைபோட்டார். தேர்தலில் அஹ்ரார் கட்சி துடைத்தெறியப்பட்டது.

1909 ஏப்ரல் 6ஆம் தேதி கமிட்டியை எதிர்த்து எழுதிவந்த பத்திரிகை ஆசிரியர் ஹசன் ஃபெஹ்மி கலாத்தா பாலத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரே வாரத்தில், ஏப்ரல் 13 அன்று, தலைநகரின் படைவீரர்கள் கலகம் செய்தார்கள். சலோனிக்காவிலிருந்து வந்த படை அதை அடக்கியது. அப்துல் ஹமீது ஏப்ரல் 27 அன்று பதவி இறக்கப்பட்டார். கலகத்துக்குப் பின்னால் இருந்ததாக சபாஹத்தீனும் கைதானார், விரைவிலேயே விடுவிக்கப்பட்டார். ஆனால் இஸ்தான்புல்லில் இனி இடமில்லை என்பது புரிந்துவிட்டது. மாமன் போன பிறகும் மருமகனுக்கு மீண்டும் ஐரோப்பாதான்.

1913 ஜனவரியில் கமிட்டியினர் துப்பாக்கி முனையில் அரசைக் கைப்பற்றினார்கள். அவர்களைக் கவிழ்க்க சபாஹத்தீனின் ஆதரவாளர்கள் திட்டம் போட்டதும் வெளிப்பட்டது. ஜூன் 11 அன்று தலைமை அமைச்சர் மஹ்மூத் ஷெவ்கெத் பாஷா காரில் போகும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். இரண்டே வாரங்களுக்குள் பன்னிருவர் தூக்கிலிடப்பட்டார்கள். அவர்களில் இன்னொரு அரண்மனை மாப்பிள்ளையான சாலிஹ் பாஷாவும் ஒருவர். வெளிநாட்டில் இருந்த சபாஹத்தீனுக்கு அவர் இல்லாமலே மரண தண்டனை விதிக்கப்பட்டது. பத்தாண்டுகளுக்கு முன் சுல்தானின் நீதிமன்றம் தந்தைக்குத் தந்ததை, அரசியல் சட்டம் மீட்டவர்களின் நீதிமன்றம் மகனுக்குத் தந்தது.

கதவை அடைத்ததன் விலை

அதிகாரத்தைப் பகிர்ந்தால் நாடு சிதறும் என்றார்கள். பகிராத நாடு என்ன ஆயிற்று என்று பார்ப்போம்.

சபாஹத்தீனின் பழைய தோழர் இஸ்மாயில் கெமால், 1912 நவம்பர் 28 அன்று வ்லோரா நகரில் அல்பேனியாவின் சுதந்திரத்தை அறிவித்தார். பேரரசுக்குள் உரிமை கேட்டுப் பாரிஸ் வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தவர், பத்தாண்டில் தனிக்கொடி ஏற்றினார். அரபு மாகாணங்களில் சிரியத் தலைவர்கள் பிரிவினை கேட்கவில்லை. நிர்வாக அதிகாரப் பரவலையே தங்கள் கட்சியின் பெயராக வைத்துக்கொண்டார்கள். அவர்களில் பலரை, கமிட்டித் தலைவர்களில் ஒருவரான ஜெமால் பாஷா 1916 மே 6 அன்று டமாஸ்கஸிலும் பெய்ரூட்டிலும் தூக்கிலிட்டார். தூக்குமேடை ஏறியவர்களில் 1913இல் பாரிஸில் அரபு மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய அப்துல் ஹமீது அல் ஸஹ்ராவியும் இருந்தார்.

இனி அந்த மூன்று தலைவர்கள். அக்னூனி 1915 ஏப்ரல் 24 அன்று இஸ்தான்புல்லில் மற்ற ஆர்மேனிய அறிஞர்களோடு கைதாகி, கொல்லப்பட்டார். அவரோடு ஒரே மேடையில் அமர்ந்தவர்களின் கட்சிதான் அப்போது ஆட்சியில் இருந்தது. ஆர்மேனிய மக்கள் வீடு வாசல்களிலிருந்து துரத்தப்பட்டு லட்சக்கணக்கில் மாண்டார்கள். அகமது ரிஸா மேலவையில் எழுந்து, விரட்டப்பட்ட ஆர்மேனியரின் சொத்துகளைப் பறிக்கும் சட்டத்தை எதிர்த்துப் பேசினார். தான் வளர்த்த கட்சியே அவர் குரலைக் கேட்கவில்லை. மூன்றாமவர் சபாஹத்தீன், மரண தண்டனை தலைமேல் தொங்க, முதல் உலகப் போர் ஆண்டுகளை சுவிட்சர்லாந்தில் கழித்தார்.

1918இல் அவருடைய முக்கியமான நூல் வெளிவந்தது. துருக்கியை எப்படிக் காப்பாற்றலாம் என்பதே தலைப்பு. ஆட்சி மாற்றத்தால் அல்ல, சமூக அமைப்பின் மாற்றத்தால்தான் என்று மீண்டும் வாதிட்டார். அதே காலத்தில் இஸ்தான்புல் பல்கலைக்கழகத்தில் ஸியா கோக்கால்ப், பிரெஞ்சு அறிஞர் துர்க்கைமின் சமூகவியலைக் கொண்டு தனிமனிதனைவிட தேசமே பெரிது என்று கற்பித்துக்கொண்டிருந்தார். அதிகாரத்தில் இருந்தவர்களுக்கு உகந்தது கோக்கால்பின் பாடம்.

கடைசி நாடுகடத்தல்

போரில் பேரரசு தோற்றது. கமிட்டித் தலைவர்கள் தப்பி ஓடினார்கள். 1919இல் சபாஹத்தீன் ஊர் திரும்பினார். இஸ்தான்புல் அப்போது நேச நாடுகளின் பிடியில் இருந்தது. குருச்செஷ்மே மாளிகையில் அவர் அளித்த விருந்துகளுக்கு வாராவாரம் போன ஓர் இளம் பிரிட்டிஷ் உளவு அதிகாரி உண்டு: ஜான் பென்னெட். அந்த விருந்துகளில் பேச்சு சதியைப் பற்றியோ பதவியைப் பற்றியோ இருந்ததில்லை. மதங்களின் ஒற்றுமை, ஆன்மா, மனிதனின் உள்மாற்றம் பற்றியே இருந்தது. ரஷ்யப் புரட்சியிலிருந்து தப்பி வந்திருந்த ஞானகுரு குர்ஜீஃபை பென்னெட் முதலில் சந்தித்ததும் இளவரசரின் வழியாகத்தான். பின்னாளில் பென்னெட் தன்வரலாற்றில் அவரைப் பெரும் மரியாதையோடு நினைவுகூர்ந்திருக்கிறார். அரசியல் கதவுகள் அடைபட்ட மனிதர் உள்ளே திரும்பியிருந்தார்.

அங்காராவில் எழுந்த தேசிய இயக்கத்தை அவர் ஆதரித்தார். அந்த இயக்கம் 1921இல் இயற்றிய அரசியல் சட்டம் மாகாணங்களுக்கு விரிந்த தன்னாட்சியைத் தந்திருந்தது. அவர் இருபது ஆண்டுகள் கேட்டது காகிதத்திலாவது வந்துவிட்டது. 1924ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது காணாமல் போயிற்று.

அதற்கு முன்பே அவரும் போக வேண்டியிருந்தது. 1924 மார்ச் 3 அன்று புதிய துருக்கிக் குடியரசின் அங்காரா நாடாளுமன்றம் 431ஆம் எண் சட்டத்தை நிறைவேற்றியது. இந்தியாவில் கிலாபத் இயக்கத்தார் எதற்காகப் போராடினார்களோ அந்தக் கிலாபத் அன்றுதான் ஒழிக்கப்பட்டது. அதே சட்டம் உஸ்மானிய வம்சத்தார் அனைவரையும் நாட்டைவிட்டு வெளியேற்றியது. இளவரசிகளின் பிள்ளைகளும் அதில் சேர்ந்தார்கள். அரியணை உரிமைக்கு எண்ணப்படாத தாய்வழி ரத்தம், நாடுகடத்தலுக்கு எண்ணப்பட்டது. எழுபதைத் தாண்டிய தாய் செனிஹா பிரான்சின் நீஸ் நகரில் வறுமையில் வாழ்ந்து 1931இல் இறந்தார்.

சபாஹத்தீன் மறுபடி சுவிட்சர்லாந்து சென்றார். நியூஷாத்தெல் பகுதியில், வருமானம் ஏதுமின்றி, 24 ஆண்டுகள் வாழ்ந்தார். 1948 ஜூன் 30 அன்று கொலொம்பியே என்ற சிற்றூரில் கண்மூடினார். வயது 69. நான்கு ஆண்டுகள் கழித்து, 1952இல், அவர் உடல் இஸ்தான்புல் கொண்டுவரப்பட்டு எய்யூப்பில் தந்தையின் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

நம் மதிப்பீடு

சபாஹத்தீன் குறையற்றவர் அல்ல. ஐரோப்பிய வல்லரசுகளை, அதிலும் பிரிட்டனை, அளவுக்கு மீறி நம்பினார். ஆங்கிலேயச் சமூகத்தின் வளத்துக்குப் பின்னால் இருந்த காலனிச் சுரண்டலை அவர் கணக்கில் எடுக்கவில்லை. தொண்டர்களைத் திரட்டிக் கட்சி கட்டும் பொறுமை அவரிடம் இல்லை. சமூகம் அடியிலிருந்து மாற வேண்டும் என்று எழுதியவரே, ஆட்சிக் கவிழ்ப்புத் திட்டங்களின் பக்கத்தில் நின்றார். இவை அவரைத் தோற்கடித்த காரணங்கள்.

அதிகாரப் பரவல் வந்திருந்தால் பேரரசு பிழைத்திருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் மையத்தில் அதிகாரத்தைக் குவித்தால் நாடு பிழைக்கும் என்ற வாதம் சோதித்துப் பார்க்கப்பட்டது. 1908இல் ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் மாகாணங்கள் வைத்திருந்த அரசு, பத்தே ஆண்டுகளில் அனத்தோலியாவுக்குள் சுருங்கியது. லட்சக்கணக்கான மனித உயிர்களும் அதோடு போயின.

சுல்தான், கமிட்டி, குடியரசு. மூன்றும் ஒன்றையொன்று வெறுத்தவை. ஒன்றின் அழிவில் மற்றொன்று எழுந்தவை. மூன்றுக்கும் இந்த ஒரு மனிதர் ஆகவில்லை. ஆள்பவர் யார் என்று மட்டும் கேட்டிருந்தால் மூன்றில் ஒன்றாவது அவருக்கு இடம் தந்திருக்கும். ஆட்சி எப்படி நடக்கிறது, ஊரில் இருப்பவன் கையில் என்ன இருக்கிறது என்று அவர் கேட்டார். கொடுங்கோலனை விரட்டுவதோடு வேலை முடிந்தது என்று நம்பும் எந்த நாடும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

அடுத்த இதழில், பாரிஸ் மாநாட்டு மேடையில் அவருக்கு எதிராக நின்ற அகமது ரிஸாவின் கதை.

(தொடரும்)